எல்லைக்கு அந்தப் பக்கம் 11 வருஷம்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறையாருக்குத் திரும்பி வந்து மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டோம். கேள்விகள் மட்டும் ஓயவில்லை. ஆலய வாசலில் கேட்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில் கேட்கிறார்கள், காரைக்கால் பேருந்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரும் கேட்கிறார். அறுப்பின் பண்டிகைக்குப் பேசக் கூப்பிடுகிற சபைகளில் இளைஞர்கள் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புகிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். நான்தான் அன்றைய அலுப்பைப் பொறுத்து நீட்டியும் குறைத்தும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார். ஒன்றைத் திருத்தினேன். இன்னொன்றில் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

முதலில், நீங்கள் யார்? எங்கே போயிருந்தீர்கள்?

நான் நர்ஸ். ஊர் பொறையார், தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஊர். என் வீட்டுக்காரர் லேப் டெக்னீஷியன், கும்பகோணம் பக்கம். இரண்டு பேருமே லுத்தரன் குடும்பம். 2010 ஜூனில் நான்கு வயது மகனைக் கூட்டிக்கொண்டு நேபாளத்துக்குப் போனோம். எல்லையோர நேபாள ஊரான பீர்கஞ்சிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் தள்ளி, கிறிஸ்தவர்கள் நடத்துகிற ஒரு சின்ன மருத்துவமனை. முக்கியமாகத் தொழுநோய், அப்புறம் காசநோய், பிரசவம். மகள் அங்கேதான் பிறந்தாள். 2021-ல் திரும்பினோம். போகும்போது நாங்கள் நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்கள். வரும்போது ஊர் மயிலாடுதுறை மாவட்டம் ஆகியிருந்தது.

மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. அங்கே இன்னும் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தைப் பற்றிய பதிலைப் படித்தால் ஏன் என்று புரியும்.

ஏன் நேபாளம்? நம் ஊரில் நோயாளியே இல்லையா?

இதை முதலில் கேட்டது என் அப்பா. நான் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. இரவில் தரிசனம் எதுவும் வரவில்லை. என்னோடு நர்சிங் படித்த ஒருத்தி அங்கே இருந்தாள். அவள் பிரசவத்துக்கு ஊருக்கு வந்தபோது ஆறு மாதத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கூப்பிட்டாள், போனோம். ஆறு மாதம் 11 வருஷம் ஆகிவிட்டது.

போன பிறகு தெரிந்த காரணம் ஒன்று உண்டு. அந்த 2010-ல்தான் தொழுநோய் இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று நேபாளம் அறிவித்திருந்தது. இந்தியா அதை 2005 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்றால் அப்படி அறிவிக்கலாம் என்பது கணக்கு. குறைவு என்றால் இல்லை என்று பொருள் இல்லையே. அறிவிப்பு வந்ததும் பணம் கொடுத்தவர்களின் கை சுருங்கியது. நோயாளிகள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள்.

எப்படிப் போவது? விசா வேண்டுமா?

வேண்டாம். 1950-ல் இரண்டு நாடுகளும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியர் அங்கே போய்த் தங்கலாம், தொழில் செய்யலாம். அவர்கள் இங்கே வரலாம். விமானத்தில் போனால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கேட்பார்கள். நாங்கள் ஒரு தடவைகூட விமானத்தில் போனதில்லை.

மயிலாடுதுறையிலிருந்து சென்னை, அங்கிருந்து இரண்டு இரவு ரயிலில் பாட்னா. பாட்னாவில் காந்தி சேது வழியாகக் கங்கையைத் தாண்டி, ஹாஜிப்பூர் வாழைத்தோட்டங்கள், முசாபர்பூர், மோதிஹாரி, கடைசியில் ரக்சவுல். கொள்ளிடம் பாலத்தையே அதிசயமாகப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் கங்கைப் பாலம் போய்க்கொண்டே இருந்தது. ரக்சவுலில் டாங்கா என்ற குதிரை வண்டி. சிர்சியா ஆற்றின் மேல் ஒரு பாலம், அவ்வளவுதான் நாட்டு எல்லை. ஆறு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஆலைக் கழிவில் கறுத்துக் கிடக்கும். தாண்டியதும் கடிகாரத்தைக் கால்மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். நேபாள நேரம் நமக்கு 15 நிமிடம் முந்தியது.

அங்கே மதம் மாற்றினீர்களா?

இல்லை. சட்டமும் அனுமதிக்காது.

2015 செப்டம்பரில் வந்த நேபாள அரசியலமைப்பின் 26-ஆவது பிரிவு, அவரவர் மதத்தை அவரவர் பின்பற்றலாம் என்கிறது. ஒருவர் இன்னொருவரை மதம் மாற்றக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158-ஆவது பிரிவில் அதற்குத் தண்டனை 5 வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்து 7 நாளுக்குள் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். விசா கேட்காமல் உள்ளே விடுகிறார்களே என்று இந்தியர்கள் ஏமாந்துவிடக் கூடாது. இந்த விஷயத்தில் நாமும் வெளிநாட்டவர்தான்.

மருத்துவமனையில் விதி எளிது. படுக்கையில் இருப்பவரிடம் பிரசங்கம் கிடையாது. மருந்துக்கும் ஜெபத்துக்கும் முடிச்சுப் போடக் கூடாது. அவராகக் கேட்டால் பதில் சொல்லலாம். கேட்பார்கள்தான். "இவ்வளவு தூரத்திலிருந்து வந்து எங்கள் காலைத் தொட்டுக் கழுவுகிறாயே, உனக்கு என்ன கிடைக்கிறது?" சம்பளம் கிடைக்கிறது என்பேன். சிரிப்பார்கள். சிலர் அதோடு விடமாட்டார்கள். அவர்களிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறேன், மறைக்கவில்லை.

அந்தச் சட்டம் சரியா என்று கேட்டால், ஒருவர் எதை நம்புவது என்பதில் அரசாங்கத்துக்கு வேலை இல்லை என்பதுதான் என் எண்ணம். அதற்காக, எழுந்து போக முடியாமல் கிடக்கிற மனிதர் கையில் துண்டுப்பிரதியைத் திணிப்பது, சட்டமே இல்லாவிட்டாலும் அசிங்கம்.

அதற்குப் பேர் ஊழியமா? ஆஸ்பத்திரி வேலைதானே?

இப்படிக் கேட்டவர் ஒரு மூத்த உபதேசியார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

காலை ஏழு மணிக்கு வராந்தாவில் பிளாஸ்டிக் தொட்டிகளை வரிசையாக வைப்போம். ஒவ்வொருவரும் 20 நிமிடம் காலை ஊறவைக்க வேண்டும். தொழுநோயில் நரம்பு கெட்டால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும், வியர்வையும் நின்றுவிடும். தோல் பனைமட்டை மாதிரி காய்ந்து வெடிக்கும். ஊறியதும் தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து எடுத்து, ஈரம் காயும் முன்பு எண்ணெய் தடவ வேண்டும். அங்கே கடுகெண்ணெய். நல்லெண்ணெய் வாசனையில் வளர்ந்தவளுக்கு முதல் மாதம் முழுக்கத் தலைவலி. நோய்க்கு மருந்து இலவசம். மூன்று மாத்திரைகள் சேர்ந்த பட்டை, 6 மாதம் அல்லது 12 மாதம், கிருமி போய்விடும். போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது. அதனால் மாத்திரை முடிந்த பிறகும் காலைக் காப்பாற்றுகிற வேலை ஆயுசுக்கும் உண்டு.

ஒரு தாரு இனத்துப் பாட்டி வருவார். நாற்று நடுகிற வேலை. நம் ஊர்க் குறுவை நடவுதான், சேறுகூட அதே வாசனை. உணர்ச்சி எங்கே இருக்கிறது என்று பார்க்க நைலான் இழை ஒன்று உண்டு. கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் தொடுவோம், தொட்ட இடத்தைக் காட்ட வேண்டும். பாட்டி எல்லாவற்றையும் சரியாகக் காட்டினார். எனக்கோ சந்தேகம், ஏனென்றால் அன்றைக்கு அவர் குதிகாலிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு மூங்கில் சிம்பு ஒன்றை எடுத்திருந்தேன். மூன்று நாளாக உள்ளே இருந்திருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. அடுத்த தடவை முகத்தைக் கவனித்தேன். இமை இடுக்கு வழியாகத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் பாட்டி?" என்றேன். "இல்லை என்று சொன்னால் நீ எழுதிக்கொள்வாயே" என்றார்.

உபதேசியார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரி, அந்தக் கிழவிக்குச் சுவிசேஷம் சொன்னாயா?" என்று கேட்டார்.

வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே அங்கே மிஷன் உண்டா?

இடையில் பெரிய ஓட்டை. கப்புச்சின் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகள் காத்மாண்டுவில் 1715-ல் மடம் போட்டார்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்ததும் அதே வருஷம்தான். 1769-ல் கோர்க்கா ராஜா பிருத்வி நாராயண் ஷா காத்மாண்டு பள்ளத்தாக்கைப் பிடித்ததும் துறவிகளை வெளியேற்றினார். அவர்களோடு பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் இனத்துக் கிறிஸ்தவர்களும் கிளம்பி பீகாரில் பெத்தியா பக்கம் குடியேறினார்கள். பிறகு ஏறக்குறைய 180 வருஷம் கதவு சாத்தியே கிடந்தது. 1914-ல் வந்த முழு நேபாளி வேதாகமம்கூட எல்லைக்கு இந்தப் பக்கம் டார்ஜிலிங்கில், கங்கா பிரசாத் பிரதான் என்ற நேபாளி போதகரின் உழைப்பில் உருவானது. ரக்சவுலில் டங்கன் மருத்துவமனை 1930-ல் தொடங்கியதும் அப்படித்தான்: உள்ளே போக முடியாது, வாசலில் நின்று வருகிற நோயாளியைப் பார்ப்போம் என்று. 1951-ல் பரம்பரைப் பிரதமர்களான ராணாக்களின் ஆட்சி முடிந்த பிறகே கதவு திறந்தது. 1954-ல் யுனைட்டெட் மிஷன் டு நேபாள் என்ற அமைப்பு அரசாங்கத்தோடு பேசி மருத்துவம், கல்வி என்று உள்ளே போயிற்று.

2021 கணக்கெடுப்பின்படி நேபாளத்தில் கிறிஸ்தவர்கள் 100-க்கு இரண்டு பேருக்கும் சற்றுக் குறைவு. பெரும்பாலும் நேபாளிகள் நேபாளிகளிடம் சொல்லி வளர்ந்த சபைகள். எங்களைப் போன்றவர்களின் பங்கு என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதுக் கதை இல்லை. 1706 ஜூலையில் சீகன்பால்குவும் புளுட்சோவும் வந்திறங்கிய தரங்கம்பாடி, டேனிஷ்காரர்களின் துண்டு நிலம். சைக்கிளில் அரைமணி நேரம் மிதித்தால் அந்தப் பழைய எல்லையைத் தாண்டிவிடலாம். அதற்கு அப்புறம் தஞ்சாவூர் ராஜாவின் நாடு. வெள்ளைக்காரப் பாதிரிகள் நினைத்தபோது அதற்குள் நுழைய முடியாது. உள்ளே நடந்து போனவர்கள் தமிழ் உபதேசியார்கள். அவர்களில் ஆரோன் என்பவர் 1733-ல் குருப்பட்டம் பெற்றார். மாயவரம் பக்கமெல்லாம் அவர் கால் படாத இடமில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1708-ல் சீகன்பால்குவைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் வைத்தது தஞ்சாவூர் ராஜா இல்லை; சொந்த டேனிஷ் கவர்னர். தொந்தரவு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதற்கு எங்கள் அனுபவமும் ஒன்று உண்டு, பணத்தைப் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

மொழி?

மலைக்காரர்கள் நேபாளி பேசுவார்கள், தராய் என்கிற சமவெளியில் போஜ்புரி. என் பள்ளிக்கூட இந்தி எதற்கும் முழுதாக உதவவில்லை. சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்று சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் கேட்டு, நல்ல மனிதர் என்று நினைத்ததோடு சரி. நான் 27 வயதில் ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்தபோதுதான் அந்த மனிதருக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

வந்த புதிதில் புரிகிறதோ இல்லையோ, நோயாளி எது சொன்னாலும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டுவேன். மலையிலிருந்து வந்த வயதான பெண்கள் என்னிடம் மட்டும் அலாதிப் பிரியமாக இருந்தார்கள், கன்னத்தைத் தடவினார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, நேபாளியில் ஆமா என்றால் அம்மா.

சனிக்கிழமை ஆராதனை என்கிறார்களே, ஏழாம் நாள் சபையா?

இல்லை. நாங்கள் இருந்த காலத்தில் நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை, ஞாயிறு வேலை நாள். எல்லாச் சபையும் சனிக்கிழமை கூடும். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாட்டுக்கு மாதல் என்கிற மத்தளம். பார்த்தால் "ஜயமசி", அதாவது கிறிஸ்துவுக்கு ஜெயம், என்று கைகொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்புவது முதல் சில வாரம் திருடப் போவது மாதிரி இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. இப்போது பொறையாரில் சனிக்கிழமை காலையில் கை என்னவோ நல்ல புடவையைத் தேடுகிறது.

சாப்பாடு, அக்கம்பக்கம் எல்லாம் எப்படி?

அரிசி ஊர், குறை சொல்ல முடியாது. அவர்கள் மாதக் கணக்கும் நம்முடையது மாதிரி சூரியனை வைத்துத்தான். நம் சித்திரை பிறக்கும் நாளை ஒட்டியே அவர்களுக்கு வைசாக் பிறந்து புது வருஷம் வரும். நம் ஆனி அவர்களுக்கு அசார். அசார் 15 அன்று நடவுத் திருநாள். வயலில் சேற்றை வாரி அடித்து விளையாடிவிட்டுத் தயிரும் அவலும் சாப்பிடுவார்கள். எங்கள் மகனுக்கு வருஷத்தில் பிடித்த நாள் அதுதான்.

அடுத்த வீடு போஜ்புரிக் குடும்பம். அந்த அக்காவை தீதி என்று கூப்பிடுவோம். தீபாவளியை ஒட்டி வரும் சட் பூஜைக்கு அவர் 36 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்து, குளத்தில் இடுப்பளவு நீரில் நின்று சூரியனைக் கும்பிடுவார். எங்கள் வீட்டில் குழப்பம்: படையலான தெக்குவா என்ற கோதுமைப் பலகாரத்தை வாங்குவதா, வேண்டாம் என்பதா? படைத்ததைச் சாப்பிடலாமா என்பதைப் பற்றிப் பேசுகிற கொரிந்தியர் நிருபத்தை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஒரு மாலை முழுக்கப் பேசினோம். தீதி எங்களைவிடத் தெளிவு. படைக்கும் முன்பே பத்து தெக்குவாவைத் தனியாக எடுத்து ஓர் எவர்சில்வர் டப்பாவில் வைத்து, "இது உங்களுடையது, இன்னும் சாமிக்குக் காட்டவில்லை" என்று நீட்டினார். பொறையாரில் மாட்டுப் பொங்கலன்று எதிர்வீட்டுப் பெரியம்மா எங்களுக்கு எப்படிப் பொங்கல் கொடுத்தனுப்புவாரோ, அச்சு அசல் அப்படியே. அவரிடம் யாரும் போய்ச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

பணம் எங்கிருந்து வந்தது? நல்ல சம்பளமா?

வெளிநாடு என்றதும் டாலர் என்று நினைக்கிறார்கள். 2010-ல் இருவருக்கும் சேர்த்து மாதம் 11,000 இந்திய ரூபாய். ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது 1993-லிருந்து மாறாத கணக்கு. ஆக 17,600. பெரிய எண்ணாகத் தெரியும், விலைவாசியும் அதே அளவு பெரியது. மாதம் ஒருமுறை ரக்சவுல் ஏடிஎம்முக்கு வருவோம். 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று இந்தியா அறிவித்தபோது, அங்கே இந்திய நோட்டைச் சேமித்து வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் மாற்ற வழியில்லாமல் தவித்தன. எங்கள் டிரங்குப் பெட்டியிலும் பழைய ஆயிரம் ரூபாய் நோட்டு நான்கு கிடக்கிறது. மகள் அதை வைத்துக் கடை விளையாட்டு ஆடுவாள்.

சம்பளத்தில் பாதி மருத்துவமனை தரும், பாதி இங்கே எங்களை அனுப்பிய ஓர் அமைப்பு தரும். பெயர் வேண்டாம். அவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் அறிக்கைப் படிவம் அனுப்புவார்கள். அதில் "இரட்சிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை" என்று ஒரு கட்டம். முதல் இரண்டு வருஷம் கோடு போட்டு விட்டுவிட்டேன். மூன்றாம் வருஷம் கடிதம் வந்தது, எண் இல்லாமல் ஆதரவாளர்களிடம் எப்படிப் போவது என்று. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கட்டத்தில் "காப்பாற்றப்பட்ட பாதங்கள் 14" என்று எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்த நான்கு மாதம் பணம் வரவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. தீதி வீட்டு அரிசி, மளிகைக்காரரின் கடன் நோட்டு, என் வளையல் ஒரு ஜோடி, இவற்றில் ஓடியது. பிறகு அங்கே பொறுப்பில் இருந்தவர் மாறினார், பணம் திரும்ப வந்தது. அந்தக் கட்டம் மட்டும் படிவத்தில் அப்படியே இருந்தது.

காணிக்கை போடுகிறவர்கள் கணக்குக் கேட்பது நியாயம். ரசீது கேளுங்கள், செலவு கேளுங்கள். ஆத்துமாவை டஜன் கணக்கில் கேட்காதீர்கள். கேட்டால் கொடுப்பதற்கும் ஆள் இருக்கிறது.

பிள்ளைகள் படிப்பு?

இதுதான் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கேள்வி.

மகள் விஷயம் வேடிக்கையானது, அதை முதலில் சொல்கிறேன். அவள் 2012-ல் பிறந்தாள். நேபாளத்தில் விக்ரம் சம்வத் ஆண்டு, நமக்கு 57 வருஷம் முந்தியது. ஆஸ்பத்திரிச் சீட்டில் பிறந்த தேதி 2069 மங்சிர். இங்கே பள்ளியில் சேர்க்கப் போனபோது எழுத்தர் அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பாப்பா இன்னும் பிறக்கவே இல்லையேம்மா" என்றார். பீர்கஞ்சில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கே ஒரு வருஷத்துக்குள் பிறப்பைப் பதிவு செய்திருந்ததால் தப்பித்தோம். போகிறவர்கள் இதை மறக்காதீர்கள்.

மகன் அங்கே ஐந்தாம் வகுப்பு வரை படித்தான். அதற்கு மேல் பக்கத்தில் நல்ல பள்ளி இல்லை. தோனாவூர் சந்தோஷ வித்யாலயா மாதிரி மிஷனரிப் பிள்ளைகளுக்கென்றே விடுதிப் பள்ளி இருக்கிறது, அதையும் யோசித்தோம். கடைசியில் 2017-ல், 11 வயதில், பொறையாரில் என் அப்பா அம்மாவிடம் விட்டோம். ரயிலேற்ற வந்த தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு மாயவரம் பிளாட்பாரத்தில் நின்றான். அழவில்லை. அழுதிருந்தால் நான் இறங்கியிருப்பேன். ஆறு மாதம் கழித்து லீவுக்கு வந்தபோது என்னை "நீங்க" என்றான். அதுவரை "நீ" என்றுதான் கூப்பிடுவான்.

நாங்கள் செய்தது தப்பு. இந்த வாக்கியத்தைத்தான் என் வீட்டுக்காரர் எடுக்கச் சொன்னார். அவன் நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறான், ஏன் அப்படி எழுதுகிறாய் என்கிறார். நன்றாக வளர்ந்தான், சரி. அது என் அப்பா அம்மாவின் கெட்டிக்காரத்தனம்.

பயமாக இருந்ததில்லையா?

2015 ஏப்ரல் 25 சனிக்கிழமை, 11.56 மணி. ஆராதனை நேரம். 7.8 அளவு பூகம்பம். சமவெளியில் எங்களுக்குச் சேதம் குறைவு. மலையில் சபை கூடியிருந்த நேரத்தில் இடிந்து விழுந்த ஆலயங்கள் உண்டு. அந்தச் செப்டம்பரிலிருந்து அடுத்த பிப்ரவரி வரை எல்லையில் லாரிகள் நின்றுபோயின. எரிவாயு இல்லை, பெட்ரோல் இல்லை, மருந்தும் தட்டுப்பாடு. எருமுட்டையில் சமைத்தோம். இந்தியாதான் வழியை மறிக்கிறது என்று மலையில் கொதிப்பு. எங்கள் முகமே இந்திய முகம். ஒரு நோயாளியின் மகன் என் கையால் ஊசி வேண்டாம் என்றான். வேறு நர்ஸ் போட்டாள். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

பயம் என்று சொன்னால் 2020-தான். மார்ச்சில் நேபாளம் எல்லையை மூடியது. எப்போது வேண்டுமானாலும் நடந்து தாண்டலாம் என்று பத்து வருஷம் நினைத்திருந்த பாலத்தின் குறுக்கே மூங்கில் தடுப்பு. மே மாதம் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்துக்கு 20 பேர்தான் கூடலாம் என்ற காலம். மாலை நான்கு மணிக்கு எடுத்தார்கள். எங்கள் கடிகாரத்தில் நாலேகால். வாட்ஸ்ஆப்பில் தம்பி காட்டினான், படம் உறைந்து உறைந்து வந்தது. மண் போடுகிற நேரத்தில் மகன் இரண்டு கை அள்ளிப் போட்டான், மறுபடி குனிந்து இன்னும் இரண்டு கை அள்ளினான். தம்பி "என்னடா?" என்று கேட்டது காதில் விழுந்தது. "இது அம்மாவோடது" என்றான். அப்போது அவனுக்கு 14 வயது.

அதனால்தான் திரும்பி வந்தீர்களா?

பாதிக் காரணம் அது. இன்னொரு பாதி, நாங்கள் செய்த வேலையைச் செய்ய அங்கேயே படித்த நேபாளி நர்ஸும் டெக்னீஷியனும் வந்துவிட்டார்கள். எங்களைவிட நன்றாகச் செய்கிறார்கள். பாட்டிகள் சொல்வது அவர்களுக்கு முதல் நாளே புரிகிறது.

எங்களுக்கும் போக ஆசை. என்ன செய்யலாம்?

இரண்டு வாரத்துக்குக் கேமராவோடு வருகிற குழுவாக இருந்தால் தயவுசெய்து வேளாங்கண்ணிக்கோ கொடைக்கானலுக்கோ போங்கள். அங்கே உங்களைக் கவனிக்கவே நான்கு பேர் வேலையை விட வேண்டியிருக்கும்.

நீண்ட நாள் இருக்கப் போகிறவர்கள் முதலில் கையில் ஒரு தொழிலோடு போங்கள். நர்சிங், பிசியோதெரபி, செருப்புத் தைப்பது, அடிபம்பு ரிப்பேர் எதுவானாலும் சரி. முதல் வருஷம் மொழி மட்டும். துண்டுப்பிரதிக் கட்டை எல்லை தாண்டிக் கொண்டுபோகாதீர்கள். மாட்டினால் நீங்கள் ஊருக்கு வந்துவிடுவீர்கள், உங்களைத் தங்கவைத்த நேபாளிக் குடும்பம்தான் வழக்குக்கு அலையும். பிள்ளைகள் இருந்தால், அவர்களுடைய ஆறாம் வகுப்பைப் பற்றி அவர்கள் ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போதே பேசி முடிவெடுங்கள்.

நாங்கள் ஏதாவது அனுப்பலாமா?

பழைய துணி மூட்டை வேண்டாம். ஒரு தடவை நல்ல மனசோடு ஒரு சபை அனுப்பிய மூட்டையில் பட்டுப்பாவாடை, கோட்டு, ஒரு கிரிக்கெட் பேட் எல்லாம் இருந்தன. அதை எல்லையில் விடுவிக்க என் வீட்டுக்காரர் இரண்டு நாள் நின்றார்.

பணமாக அனுப்பினால் காலணிக்கு என்று சொல்லி அனுப்புங்கள். உணர்ச்சி இல்லாத பாதத்துக்கு எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற நுண்துளை ரப்பர் அடியும், கால் நழுவாமல் பின்பட்டையும் வைத்த செருப்பு வேண்டும்; வயல் வேலை செய்கிறவருக்கு வருஷத்துக்கு இரண்டு ஜோடி தேயும். துணிதான் தருவேன் என்கிறவர்கள் பழைய பருத்தி வேட்டி கொடுங்கள், பாலியெஸ்டர் கலப்பு வேண்டாம். துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, நாலு விரல் அகலத்துக்குக் கிழித்துச் சுருட்டி வைத்தால் வீட்டில் புண்ணுக்குக் கட்டுப் போட அதைவிட நல்லது கிடையாது. பொறையாரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சாக்கு வைத்திருக்கிறோம். ஜரிகைக் கரையை மட்டும் நீங்களே கிழித்து எடுத்துவிடுங்கள், அது புண்ணில் உரசும்.